யுகுலேலேயில் மாயாமாளவகௌளை: நாலு கம்பி, நாலு ஜோடி

மே 4, மாலை. பள்ளத்தூர் வாசகர் ஒருவரின் கேள்வி

என்னிடம் இருப்பது சாதாரண சோப்ரானோ யுகுலேலே. சுருதி ஜி-சி-இ-ஏ. வீடியோக்களில் "பைசாந்திய ஸ்கேல்", "அரேபிய ஸ்கேல்", "டபுள் ஹார்மோனிக்" என்று மூன்று பெயரில் ஒரே சங்கதி ஓடுகிறது. சி கம்பியில் 0, 1, 4, 5, 7, 8, 11, 12 என்று ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டு) எண் போட்டுக் காட்டுகிறார்கள், 0 என்றால் அழுத்தாத திறந்த கம்பி. வாசித்தால் சுரம் சரியாகத்தான் வருகிறது, ஓட்டம்தான் வரவில்லை. 1லிருந்து 4க்குத் தாவும்போது சத்தம் அறுந்துபோகிறது, 8லிருந்து 11க்குப் போவதற்குள் பாட்டே மறந்துவிடும் போலிருக்கிறது. இந்தக் கருவியில் இது வராதா, இல்லை என் கைதான் சரியில்லையா?

மே 4, இரவு

கையில் கோளாறு இல்லை. ஒரே கம்பியில் எண் போட்டவர் கிட்டாரையோ கீபோர்டையோ மனதில் வைத்துப் போட்டிருக்கிறார்.

நீங்கள் கேட்கும் ஸ்கேல் நம்முடைய 15வது மேளம் (கர்நாடக இசையின் 72 தாய் ராகங்களில் ஒன்று), மாயாமாளவகௌளை. பாட்டு வகுப்பில் உட்கார்ந்த முதல் நாளே சரளி வரிசையில் ஆரம்பிக்கிறோமே, அதேதான். புரந்தரதாசர் பிள்ளைகளுக்கென்று எடுத்துவைத்த ராகம். காரைக்குடியில் எந்தத் தெருவில் பாட்டு டீச்சர் வீடு இருந்தாலும் சாயங்காலம் வாசல் வரைக்கும் இதுதான் கேட்கும். அதைப் பைசாந்தியம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து பிடிக்க வேண்டியதில்லை.

இப்போது யுகுலேலேயை எடுத்து, சி-யை ஸ என்று வைத்துக்கொண்டு (1 கட்டை சுருதி) இப்படி வாசித்துப் பாருங்கள்:

சி கம்பி: 0, 1 (ஸ, ரி)
இ கம்பி: 0, 1 (க, ம)
ஜி கம்பி: 0, 1 (ப, த)
ஏ கம்பி: 2, 3 (நி, ஸ)

முடிந்தது. கை மூன்றாவது ஃப்ரெட்டைத் தாண்டவே இல்லை.

மே 5, காலை

நேற்று அவசரத்தில் எழுதியது, இன்னும் கொஞ்சம் விரிவாக.

இந்த ராகத்தின் அமைப்பே இரண்டு சம பாதி. ஸ-ரி ஒட்டி நிற்கும், அப்புறம் பெரிய இடைவெளி, க-ம ஒட்டி நிற்கும். மேல் பாதியிலும் அதே கதை: ப-த ஒட்டி, இடைவெளி, நி-ஸ ஒட்டி. அரைச்சுர ஜோடி மொத்தம் நாலு. யுகுலேலேயில் கம்பியும் நாலு. ஒவ்வொரு ஜோடியும் தனித்தனிக் கம்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. முதல் மூன்று ஜோடியும் திறந்த கம்பியிலிருந்தே தொடங்குகின்றன, நாலாவது மட்டும் ஏ கம்பியில் 2, 3.

இதனால் காதுக்குக் கிடைக்கும் லாபம் பெரிது. பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் ஒரே கம்பியில் இருப்பதால் ரி வரும்போது ஸ தானாக நின்றுவிடும், இரண்டும் மோதி இரையாது. ஆனால் ரி-யிலிருந்து க-வுக்குப் போகும்போது கம்பி மாறுகிறது, பழைய ரி ஒலித்துக்கொண்டே இருக்க க அதன்மேல் வந்து விழும். த-வுக்கும் நி-க்கும் அதே மாதிரி. எங்கே ஒட்டினால் கசக்குமோ அங்கே அறுகிறது, எங்கே சேர்ந்தால் இனிக்குமோ அங்கே சேர்கிறது. நீங்கள் "ஓட்டம் இல்லை" என்றது இந்தச் சேர்க்கை இல்லாததைத்தான்.

வலது கையில் கட்டைவிரல் சி-க்கும் ஜி-க்கும், ஆள்காட்டி இ-க்கு, நடுவிரல் ஏ-க்கு. ம முடிந்ததும் கட்டைவிரல் மேலே தாவி ஜி-யைத் தொட வேண்டும், முதலில் அங்கேதான் எல்லோருக்கும் தடுக்கும். ஜண்டை வரிசையை (ஸஸ ரிரி கக மம) மெதுவாக வாசித்தால் அந்தத் தாவல் சீக்கிரம் படிந்துவிடும். இடது கையில் ஆள்காட்டி விரல் முதல் ஃப்ரெட்டிலேயே குடியிருக்கும், நடுவிரல் ஏ-யில் 2, மோதிரவிரல் 3.

மே 5, பின்குறிப்பு

ஏ கம்பியைத் திறந்து மட்டும் விடாதீர்கள். அது சதுஸ்ருதி தைவதம், அதாவது பெரிய த, இந்த ராகத்துக்கு ஆகாது. கை தவறி ஒருமுறை பட்டாலும் ராகம் போய் ஏதோ பிறந்தநாள் பாட்டு மாதிரி ஆகிவிடும்.

மே 6

கீழ் ஜி (லோ ஜி, வழக்கமான ஜி-யைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது) கம்பி போட்டிருக்கும் அன்பருக்கு: உங்களுக்கு இந்த வழி நடக்காது. உங்கள் ப ஸ-வுக்குக் கீழே, மந்திர ஸ்தாயிக்கு இறங்கிவிட்டது. ப, த இரண்டையும் இ கம்பியில் 3, 4 என்று எடுக்க வேண்டும். வரும், ஆனால் மேலே சொன்ன ஒலிச்சேர்க்கை பாதி போய்விடும். இதற்காக யாரும் காசு கொடுத்துக் கீழ் ஜி வாங்காதீர்கள்.

1879இல் மதீராத் தீவிலிருந்து ஹவாய்க்குக் கப்பலேறிய போர்த்துக்கீசியர்கள் கொண்டுபோன சின்னக் கருவியிலிருந்து பிறந்தது யுகுலேலே. நாலாவது கம்பி மேலே ஏறி நிற்பதைப் பலர் பிழை என்று நினைத்து மாற்றிக்கொள்கிறார்கள். மாயாமாளவகௌளைக்கு அந்த மேல் ஜி-தான் உயிர்.

மே 9

கேட்டவரே திரும்ப எழுதியிருக்கிறார்: விரல் சரியாகப் போகிறது, ஆனால் ரி-யும் த-வும் "கொஞ்சம் புளிக்கிறது". எதிர்பார்த்தேன். இதில் நானே அடிபட்டிருக்கிறேன், அதனால் நீளமாக எழுதுகிறேன்.

என் யுகுலேலே மலேசியாவிலிருந்து வந்த சித்தப்பா மகன் விட்டுவிட்டுப் போனது. அதே விலைக்கு இங்கே அக்கா மகளுக்கு ஒரு கடையில் வாங்கிய கருவியும் வீட்டில் இருக்கிறது. இரண்டிலும் ஒரே வியாதி: நட் உயரம். தலைப்பக்கம் கம்பிகள் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பட்டையைத்தான் நட் என்கிறார்கள். விலை குறைந்த கருவிகளில் அதன் வெட்டுகளை ஆழமாக அறுக்காமல் அனுப்பிவிடுகிறார்கள். அப்போது முதல் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்த அதிக தூரம் கீழே தள்ள வேண்டும், தள்ளும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். மேலே போகப் போக இந்தக் குறை தெரியாது. மேற்கத்தியப் பாட்டு வாசிக்கிறவர் சமாளித்துக்கொள்வார். நாம் ரி, ம, த மூன்றையும் முதல் ஃப்ரெட்டில் வைத்திருக்கிறோம், மூன்றும் ஏறும். நாம் போடுகிற திட்டத்துக்கு மிக மோசமான இடத்தில் குறை இருக்கிறது.

கண்டுபிடிப்பது சுலபம். சி கம்பியைத் திறந்து சுருதி சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு முதல் ஃப்ரெட்டில் அழுத்தி ட்யூனர் செயலியைப் பாருங்கள், முள் வலப்பக்கம் சாய்ந்தால் நட்தான். இன்னொரு வழி: கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே பாருங்கள். மெல்லிய தாள் நுழையும் இடைவெளி போதும். விசிட்டிங் கார்டு நுழைந்தால் உயரம் அதிகம். சந்தேகம் தீர வேண்டுமென்றால் முதல் ஃப்ரெட்டில் கேபோ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒன்று தள்ளி வாசியுங்கள், ஸ அரைக் கட்டை ஏறியிருக்கும், புளிப்பு போயிருந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.

சரிசெய்ய வேண்டியது இசைக்கடையில்தான் என்றில்லை. எங்கள் தெருவில் நகை வேலை செய்யும் ஆசாரியிடம் மெல்லிய ஊசி அரம் இருக்கிறது. அவர் கம்பியைத் தளர்த்தி ஓரமாகத் தள்ளிவிட்டு, வெட்டில் அரத்தைத் தலைப்பக்கம் சற்றே சரித்து இரண்டு இழுப்பு இழுப்பார், கம்பியைத் திரும்ப வைத்து என்னைத் தட்டிப் பார்க்கச் சொல்வார், மறுபடி ஓர் இழுப்பு. தங்கப்பொடி சேகரிக்கும் தட்டையே கீழே வைத்திருந்தார், பிளாஸ்டிக் தூள் அதில் விழுந்ததைப் பார்த்து அவருக்கே சிரிப்பு. அதிகம் அறுத்துவிட்டால் திறந்த கம்பி இரையும். அப்படி ஆனால் வெட்டில் துளி சமையல் சோடா தூவி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் கல் மாதிரி இறுகும், மறுபடி அறுத்துக்கொள்ளலாம்.

மே 10

ஆசாரி கூலி எவ்வளவு என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு காபி. உங்கள் ஊர் ஆசாரியிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

மே 14

"கமகம் இல்லாமல் என்ன மாயாமாளவகௌளை, அது வெறும் ஸ்கேல்" என்று ஒருவர் சீறியிருக்கிறார். கமகம் என்றால் சுரத்தை அசைத்து, வளைத்து வாசிப்பது. பாதி ஒத்துக்கொள்கிறேன்.

வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கும், 24 மெட்டு, அதன்மேல் உலோகக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டு மூன்று சுரம் மேலே போகலாம். நம் ஊர்ப் பெயரையே பாணிக்குக் கொடுத்த காரைக்குடி சகோதரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தவர், தம்பி சாம்பசிவ ஐயர் பிற்காலத்தில் கலாக்ஷேத்திராவில் கற்றுக்கொடுத்தவர், 1952இல் சங்கீத நாடக அகாடமி விருது பெற்றவர். அந்த வாசிப்பைக் கேட்டு வளர்ந்த காதோடு யுகுலேலேயைத் தூக்கினால் ஏமாற்றம்தான். நைலான் கம்பி, அதுவும் முழங்கை நீளம்கூட இல்லாதது. இழுத்தால் விரல் வலிக்கும், சுருதி அசையாது, ஒலி அதற்குள் செத்துவிடும்.

ஆனால் ஜோடி வழியில் ஒரு கதவு இருக்கிறது. ரி-க்கு வேண்டிய அசைவு ஸ-விலிருந்து ரி-க்குப் போய்வருவதுதானே? இரண்டும் ஒரே கம்பியில் 0, 1. ஒருமுறை மீட்டிவிட்டு இடது ஆள்காட்டியால் முதல் ஃப்ரெட்டைத் தட்டி எடுத்து, தட்டி எடுத்து விடுங்கள். கம்பித (அசையும்) ரி-யின் சாயல் வந்துவிடும். த-வுக்கும் அதேதான். க அதிகம் அசையாமல் நிற்கும் சுரம், அதுவோ திறந்த இ கம்பி, சும்மா விட்டால் போதும். நி-யை ஸ-வைத் தொட்டுத் தொட்டு நிறுத்த ஏ கம்பியில் 2, 3. அசைய வேண்டிய சுரம் அசைகிற இடத்திலும் நிற்க வேண்டிய சுரம் நிற்கிற இடத்திலும் விழுந்திருக்கிறது, இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

மாண்டலின் ஸ்ரீநிவாஸை உதாரணம் காட்டியவருக்கு: அவர் கையில் இருந்தது ஐந்து ஒற்றைக் கம்பிகள் போட்ட மின் மாண்டலின், உலோகக் கம்பி. அதில் செய்ததை நைலானில் எதிர்பார்க்க முடியாது. "அப்படியானால் யுகுலேலேக்கும் ஸ்டீல் கம்பி போட்டால்?" என்று அடுத்து கேட்பீர்கள். போடாதீர்கள், பிரிட்ஜ் பிய்ந்து கையோடு வரும்.

மே 15

இந்த ராகத்தைப் "பாம்பாட்டி ஸ்கேல்" என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பாம்பாட்டி மகுடியில் ஊதுவது புன்னாகவராளி. அதில் க சின்னது, அதன் பெயரே "சாதாரண காந்தாரம்". மாயாமாளவகௌளையில் ரி-க்கும் க-வுக்கும் நடுவே இருக்கும் அந்தப் பெரிய பள்ளம் அங்கே கிடையாது. அப்பத்தாவிடம் சி கம்பியில் 0, 1, 3 வாசித்துக் காட்டியபோது "பாம்பு வந்துரும், நிறுத்து" என்றார்கள். 0, 1, அப்புறம் திறந்த இ என்று வாசித்தால் "பாட்டு கிளாஸா?" என்றார்கள். கேள்விஞானம் என்றால் அதுதான்.

மே 22

ஸ்ட்ரம் பண்ண (எல்லாக் கம்பியையும் சேர்த்து அடிக்க) கார்டு (chord, பல சுரங்களின் கூட்டு) வேண்டும் என்கிறார்கள். ராகத்துக்குக் கார்டு தேவையா என்ற சண்டையை வேறு எங்காவது வைத்துக்கொள்வோம், பிள்ளைகள் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம். எண்கள் ஜி-சி-இ-ஏ வரிசையில்.

0003 சி மேஜர். 1114 டி ஃப்ளாட் மேஜர், அதாவது முதல் கார்டை அப்படியே ஒரு ஃப்ரெட் நகர்த்தியது. இந்த இரண்டை மாற்றி மாற்றி அடித்தாலே பாதி ராகம் காதில் விழும். 1013 எஃப் மைனர். 0432 இ மைனர். 1003 ஆக்மென்டட், த-வும் க-வும் ஸ-வும் சேர்ந்தது, இடைநிறுத்தத்துக்கு நன்றாக இருக்கும். எனக்குப் பிடித்தது 0112. எல்லோருக்கும் தெரிந்த ஜி செவன் 0212, அதில் ராகத்தில் இல்லாத பெரிய ரி இருக்கிறது. அந்த நடுவிரலை ஒன்று இறக்கினால் சின்ன ரி ஆகிவிடும், ப-ரி-ம-நி. அங்கிருந்து 0003க்கு வந்து பாருங்கள், ஸ-வில் வந்து விழும்போது ஒரு திருப்தி.

ஆறு கார்டிலும் கடைசி எண் பூஜ்யம் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? மே 5 பின்குறிப்பு மறுபடியும்.

ஜூன் 2

சுருதியைப் பற்றி, பாடிப் பழகியவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

தம்புரா செயலியைப் போட்டுக்கொண்டு வாசித்தால் திறந்த இ கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும். காது தப்பவில்லை. ட்யூனர் காட்டும் க ஸ-விலிருந்து 400 சென்ட் (ஒரு ஃப்ரெட்டுக்கு 100 சென்ட்), தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரம் 386. சரி, இ கம்பியை 14 சென்ட் இறக்கிவிடலாமே என்று தோன்றும். இறக்கினால் அதே கம்பியில் இருக்கும் ம-வும் சேர்ந்து இறங்கும், அது 500லிருந்து 486க்கு வந்துவிடும், இருக்க வேண்டியதோ 498. க இனிக்கும், ம அழும். நான் பாதி வழியில், ஆறேழு சென்ட் இறக்கி நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. ஸ-விலிருந்து 16/15 என்ற விகிதத்தில் ரி வைத்தால் அது 112 சென்ட், யுகுலேலே ரி 100. அப்படியானால் உயரமான நட் ரி-யை லேசாக ஏற்றுவது நல்லதுதானே, ஆசாரிக்கு ஏன் வேலை வைத்தாய் என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். நல்ல கேள்வி. ஏறினால் ரி மட்டும் ஏறாதே, ம-வும் ஏறும், அது ஏறவே கூடாது. இ கம்பியைச் சற்று இறக்கியிருப்பவருக்கு அந்த ஏற்றம் ம-வைச் சரிக்கட்டிவிடும் என்பது வேறு விஷயம். அதனால் மே 9இல் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன்: முள் சற்றே சாய்ந்தால் விட்டுவிடுங்கள், நன்றாகச் சாய்ந்தால் அரம்.

ஜூன் 3

கீழ் ஜி விஷயத்திலும் மனம் மாறியிருக்கிறது. தேவகோட்டையில் பாட்டு கற்ற ஒருவர் கீழ் ஜி போட்ட டெனர் (சோப்ரானோவைவிடப் பெரிய யுகுலேலே) வைத்திருக்கிறார், எங்கள் வளவில் உட்கார்ந்து ஆலாபனை வாசித்தார். ஜி கம்பியில் 0, 1, 4 என்று மந்திர ப, த, நி எடுத்துவிட்டு சி திறந்த ஸ-வில் வந்து நின்றார். ஆத்தங்குடித் தரையும் உயரக் கூரையும் அந்தச் சின்ன ஒலியைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கிக் கொடுத்தன என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், மேல் ஜி-யில் அது நடக்காது. ஸ-வுக்குக் கீழே போகவே என் கருவிக்கு வழியில்லை. வரிசைகளும் வேகமும் வேண்டுமென்றால் மேல் ஜி, ஆலாபனை வேண்டுமென்றால் கீழ் ஜி. "காசு கொடுத்து வாங்காதீர்கள்" என்றது முதல் வகை ஆட்களுக்கு மட்டும்.

ஜூன் 11

"இது அரேபியாவிலிருந்து வந்ததா, இங்கிருந்து போனதா" என்று ஒரு பெரிய சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டை இழுக்கிறார்கள். நம் வீட்டிலிருந்து பைக்கில் போய்வரும் தூரம்தான், பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள். 7ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பல்லவ கிரந்த எழுத்து, சுரங்களை நந்நான்காகக் கட்டி ஏழு பகுதியாக வெட்டியிருக்கிறார்கள். திருமயம் சிவன் குடைவரையிலும் அந்த வகைக் கல்வெட்டின் மிச்சம் இருக்கிறது, "பரிவாதினி" என்ற வீணைப் பெயரோடு. பாறையில் சுரம் வெட்டிய ஊர்க்காரர்கள் நாம் என்று பெருமைப்படலாம், தப்பில்லை. அதில் மாயாமாளவகௌளை இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கே இருப்பவை மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், சாதாரிதம் மாதிரியான பழைய ராகங்கள், 72 மேளக் கணக்கோ இசை இலக்கணம் எழுதிய வேங்கடமகியோடு 17ஆம் நூற்றாண்டில் வந்தது.

தேவாரத்தில் இந்தளப் பண்ணை ஓதுவார்கள் இன்று மாயாமாளவகௌளையில்தான் பாடுகிறார்கள். குன்றக்குடியிலோ பிள்ளையார்பட்டியிலோ காதில் விழுந்தால் வீட்டுக்கு வந்து சி கம்பியைத் தட்டிப் பாருங்கள். மூலம் எது என்ற சண்டையைவிட அது உபயோகம்.

ஜூன் 12

கேட்டவருக்கு இப்போது ஓட்டம் வந்துவிட்டதாம், அடுத்து "ஹங்கேரியன் மைனர்" வேண்டுமாம். புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். அதே ஜோடிகள், அதே விரல். ஸ-வை மட்டும் எஃப்-க்கு மாற்றுங்கள், அதாவது பழைய ம-வை ஸ ஆக்குங்கள். இ கம்பி 1லிருந்து தொடங்கி, ஜி கம்பி 0, 1, ஏ கம்பி 2, 3, அப்புறம் ஏ-யில் 4, 7, 8. 57வது மேளம், சிம்மேந்திரமத்யமம். தம்புரா செயலியையும் எஃப்-க்கு, அதாவது 4 கட்டைக்கு மாற்ற மறக்காதீர்கள், மாற்றாவிட்டால் காது பழைய ஸ-வையே பிடித்துக்கொண்டு நிற்கும். கார்டுக்கு 1013.

பழைய ரி-யை ஸ ஆக்கினால் 72வது மேளம் ரசிகப்ரியா. மற்ற சுரங்களிலிருந்து தொடங்கினால் முறையான மேளம் அமையாது, ஒன்று பஞ்சமம் கிடைக்காது அல்லது மத்யமம் கிடைக்காது. ரசிகப்ரியாவுக்குக் கார்டு 1114. நாலாவது ஃப்ரெட்டுக்குச் சுண்டுவிரல் எட்டவில்லை என்றால் ஏ கம்பியைத் தொடாமல் மற்ற மூன்றையும் ஒரே விரலால் அழுத்தி 111 மட்டும் அடியுங்கள், வேண்டிய மூன்று சுரமும் அதிலேயே இருக்கிறது.